செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்: விரலுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு டாக்டர்

மாமல்லபுரம் போனால் எல்லோரும் கடற்கரைக் கோயில் முன்னாடி நின்று ஒரு செல்ஃபி எடுப்போம். அடுத்த தடவை போகும்போது, ஏதாவது ஒரு சிற்பக்கூடத்து வாசலில் அஞ்சு நிமிஷம் நின்று பாருங்க. சுத்தியல் அடிக்கும் கையை விடுங்க, உளியைப் பிடித்திருக்கும் கையைக் கவனிங்க. கல்லின் அதிர்வு உளி வழியாக விரலுக்கு வருகிறது. விரலில் இருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அடுத்த அடி எவ்வளவு அழுத்தமாக விழணும், உளியை எவ்வளவு சாய்க்கணும் என்று மூளை பதில் அனுப்புகிறது. ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிற வாட்ஸ்அப் சாட் மாதிரி.

மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடத்தை வரைந்து காட்டியவர் கனடா நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். அந்த வரைபடத்தில் கைக்குக் கிடைத்திருக்கும் இடம் முதுகு முழுக்கக் கிடைத்த இடத்தைவிடப் பெரியது. மூளையைப் பொறுத்தவரை கை ஒரு வி.ஐ.பி.

இப்போ, அந்தக் கையில் இருந்து மூளைக்கு ஒரு செய்தியும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்க. உளி நழுவினாலும் தெரியாது. விரல் வெட்டுப்பட்டாலும் தெரியாது. ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட கைகளோடு பல நூறு பேர் வாழ்ந்த இடம் இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. மாமல்லபுரத்தில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஊரை ஒட்டிய திருமணியில் இருந்தது லேடி வெலிங்டன் தொழுநோய் சானடோரியம். 1947-ல் அங்கே ஒருநாள் ஓர் இளம் அறுவை மருத்துவர் சுற்றிப் பார்க்க வந்தார். பெயர் பால் பிராண்ட். பார்த்தால் வெள்ளைக்காரர். ஆனால் சின்ன வயசில் வளர்ந்தது நம்ம கொல்லிமலை.

கொல்லிமலைப் பையன்

1914 ஜூலை 17-ல் பிறந்தார் பால். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின், இருவரும் கிறிஸ்தவ ஊழியர்கள். மலையில் மலேரியா ஆட்டிப்படைத்த காலம். ரோடு கிடையாது. அப்பா கொஞ்சம் மருத்துவம் படித்திருந்தார், அதை வைத்தே பல் பிடுங்குவார், கட்டி கீறுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். செருப்பில்லாமல் மலையில் ஓடி, மரம் ஏறி, கரையான் புற்றைக் கிளறி வளர்ந்த பையனுக்கு அதெல்லாம் பார்க்கச் சகிக்கவில்லை. சீழையும் ரத்தத்தையும் பார்த்துப் பார்த்து, என்ன ஆனாலும் டாக்டர் மட்டும் ஆகக் கூடாது என்று அந்த வயசிலேயே முடிவு செய்துவிட்டார்.

அந்த வயதில் அவர் மனசில் ஒட்டிக்கொண்ட இன்னொரு காட்சி உண்டு. ஒருநாள் தொழுநோய் வந்த மூன்று பேர் மலையேறி அப்பாவிடம் வந்தார்கள். வழக்கமாக யாருடைய புண்ணையும் வெறும் கையால் கழுவும் அப்பா, அன்றைக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டார். பிள்ளைகளைக் கிட்டே வர விடவில்லை. ஊரே பயந்த நோயைக் கண்டு, ஊருக்கு வைத்தியம் பார்த்தவரும் பயந்தார் என்பதுதான் விஷயம். அந்தப் பயத்தின் அளவை நினைத்துப் பாருங்க.

9 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பாவை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1929-ல் மலையிலேயே காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். தந்தி முதலில் வந்தது. உயிரோடு இருந்தபோது அப்பா எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாக, சாவுச் செய்திக்குப் பின்னால் வந்து சேர்ந்தன.

பள்ளி முடித்த பால் நேராகக் கட்டட வேலைக்குப் போனார். கொத்துவேலை, தச்சுவேலை இரண்டும் சில வருஷம் முறையாகக் கற்றார். இதை ஏதோ டைம்பாஸ் என்று நினைக்காதீங்க. பின்னால் இவர் கையைப் பழுது பார்த்த விதத்தில் ஒரு தச்சரின் மூளைதான் வேலை செய்தது.

அதன் பிறகு ஒரு மருத்துவமனையில், செத்துவிட்டார் என்றே தோன்றிய ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றியதும் கன்னத்தில் நிறம் திரும்பியதை நேரில் பார்த்தார். பழைய சபதம் அன்றோடு காலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். போர்க்காலத்தில் கார்டிஃபுக்கு அனுப்பப்பட்டபோது, ஒரு சடலத்தின் தலையை வாரக்கணக்கில் நுணுக்கமாக அறுத்து, மூளையில் இருந்து கிளம்பும் நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். வலி பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த சர் தாமஸ் லூயிஸின் சோதனைகளுக்குத் தன் உடம்பையே கொடுத்த மாணவர்களில் இவரும் ஒருவர். லண்டனில் குண்டு விழுந்த இரவுகளில் அறுவை சிகிச்சை பழகி, 1943-ல் எஃப்.ஆர்.சி.எஸ் முடித்தார். அதே வருஷம் உடன் படித்த மார்கரெட்டைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

1946 கடைசியில் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். அழைத்து வந்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். செங்கல்பட்டு சானடோரியம் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

நகம் பதிந்த உள்ளங்கை

சானடோரியத்தில் நடந்துகொண்டே காக்ரேன் தோல் மேல் இருந்த தேமலையும் தடிப்பையும் காட்டிக்கொண்டு வந்தார். அவர் தோல் மருத்துவர், அவர் கண்ணுக்குத் தோல். பிராண்ட் எலும்பு மருத்துவர், அவர் கண் போனது கைக்கு. விரல்கள் நகம் மாதிரி உள்ளே மடங்கியிருந்தன. சிலருக்கு விரலே இல்லை, வெறும் குட்டை. இந்தக் கை ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பிராண்ட் கேட்டார். காக்ரேனிடம் பதில் இல்லை. எலும்பு மருத்துவர்கள் யாருமே இதைப் பார்க்க வந்ததில்லை என்றார்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்தணும். உலகத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு இருந்த ஊனம் இது. போலியோவில் செயலிழந்த கைகால்களுக்கு அப்போதே விதவிதமான அறுவை சிகிச்சைகள் இருந்தன, தடிமனான பாடப்புத்தகங்கள் இருந்தன. போலியோ அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் காலை முடக்கியதாகச் சொல்லப்பட்ட நோய். தொழுநோய் ஊருக்கு வெளியே துரத்தப்பட்டவர்களின் நோய். தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்கு அப்புறம் 70 வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்தக் கை ஏன் மடங்குகிறது என்று எலும்பு மருத்துவம் கேட்கவே இல்லை. விடை கஷ்டம் என்பதால் இல்லை. கேள்வி கேட்க வேண்டியவர்கள் அந்த அறைக்குள் நுழையவே இல்லை. பாவம் செய்தவருக்கு வரும் நோய் என்று இங்கே சொன்னார்கள், பைபிள் காலத்துத் தீட்டு என்று அங்கே நினைத்தார்கள். இரண்டும் சேர்ந்து ஆய்வுக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டன.

பிராண்ட் ஓர் இளைஞரிடம் கையை நீட்டி, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலிழந்த கைதானே, லேசாகத் தொடும் என்று நினைத்தார். அடுத்த நொடி உள்ளங்கையில் நகம் பதிந்து, வலி தாங்காமல் கத்தாத குறை. இளைஞரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அந்த வலியில் இருந்துதான் எல்லாம் ஆரம்பம். இவ்வளவு பலம் இருக்கிறது என்றால் தசை சாகவில்லை. கை முழுக்க அழுகிப்போகிற நோய் என்று எல்லோரும் நம்பியது தப்பு. சில தசைகள் மட்டும் படுத்துவிட்டன, சில தசைகள் புதுசு மாதிரி இருக்கின்றன. அப்படியென்றால் பிரச்சினை தசையில் இல்லை, மூளைக்கும் தசைக்கும் நடுவில் ஓடும் ஒயரில்.

பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் ஒவ்வொரு கையாகச் சோதித்தார்கள். இறகால் தொட்டு, ஊசியால் குத்தி, எந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது, எந்தத் தசை அசைகிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். ஒரே மாதிரியான வரிசை கிடைத்தது. முழங்கைக்குப் பக்கத்தில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் என்று நரம்பு குறிப்பிட்ட சில இடங்களில்தான் அடிவாங்குகிறது. முன்கையின் தசைகள் பல தப்பித்துவிடுகின்றன.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். இத்தனை கைகள் ஒரே இடத்தில் சோதனைக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவர்களை வீடும் ஊரும் வெளியே தள்ளியிருந்ததுதான். எந்த வெறுப்பு இந்த ஆராய்ச்சியைத் தள்ளிப்போட்டதோ, அதே வெறுப்புதான் ஆராய்ச்சிக்கான ஆட்களையும் சேர்த்து வைத்திருந்தது. பிராண்ட் பற்றிய புத்தகங்களில் அவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களில் மிகச் சிலருக்கே பெயர் இருக்கிறது.

விடிவதற்குள் முடிக்கணும்

நரம்பு ஏன் அந்த இடங்களில் மட்டும் கெடுகிறது? இதைக் கண்டுபிடிக்க இறந்தவரின் உடலைத் திறந்து, நரம்பை முழுநீளத்துக்குப் பார்க்கணும். ஆனால் நம் ஊரில் உடலை அறுக்க யார் சம்மதிப்பார்கள்? சுற்றுவட்டாரத் தொழுநோய் மருத்துவமனைகளுக்கு எல்லாம் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒருநாள் மாலை செங்கல்பட்டில் இருந்து தகவல் வந்தது. ஒரு நோயாளி இறந்துவிட்டார், பரிசோதிக்கலாம். ஆனால் காலையில் தகனம்.

வேலூரில் இருந்து செங்கல்பட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல். பாதி வழியில் வண்டி கைவிட்டது. எப்படியோ நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்தார்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், ஒரு கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. உடன் வந்த மருத்துவர் ஒரு பக்கம், பிராண்ட் ஒரு பக்கம். கையிலும் காலிலும் முகத்திலும் நரம்புகளை நீளத்துக்குப் பிரித்துத் தெரியும்படி வைத்துக்கொண்டே போனார்கள். தகனத்துக்கு உடலைக் கொடுத்தாக வேண்டும், பொழுது விடிந்துகொண்டிருந்தது.

காலை வெளிச்சம் விழுந்தபோதுதான் மொத்தமாகப் பார்த்தார். நரம்புகள் சில இடங்களில் தடித்து வீங்கியிருந்தன. அந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுத்தன்மை. நரம்பு தோலுக்குப் பக்கத்தில் ஓடும் இடங்கள் அவை. ஆழமாக, தசைக்குள் ஓடும் இடங்களில் நரம்பு நன்றாகவே இருந்தது.

காரணம் பின்னால் தெளிவானது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் உள்சூடு ஆகாது. கொஞ்சம் குளிர்ச்சியான இடம்தான் வேண்டும். அதனால்தான் மூக்கு, காது, விரல், தோலை ஒட்டிய நரம்பு. உடம்பு வெப்பம் குறைவான ஆர்மடில்லோ என்ற விலங்கில் இந்தக் கிருமியை வளர்க்க முடிந்ததும் இதனால்தான். மூளையும் தண்டுவடமும் உள்ளே சூட்டில் பத்திரமாக இருக்கின்றன. அதாவது, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறது, வாங்க ஆள் இல்லை.

மூளைக்குப் புதுப்பாடம்

தப்பித்த தசையை, படுத்துவிட்ட தசையின் வேலைக்கு மாற்றலாம் என்பதுதான் பிராண்டின் திட்டம். போலியோவில் ஏற்கெனவே செய்தார்கள். விரலை மடக்கும் ஒரு தசைநாணை எடுத்து, நான்காகக் கீறி, நான்கு விரல்களின் பக்கவாட்டில் கொண்டுபோய்த் தைப்பது. தச்சுவேலை தெரிந்தவருக்கு இது பிடிபடக் கேட்கணுமா?

கத்தி வேலையைவிடப் பெரிய சிக்கல் வார்டில் இருந்தது. தொழுநோயாளியைப் படுக்கையில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று மருத்துவமனை பயந்தது. அதே சி.எம்.சி-யில் 1949-ல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மூளைக்கு ஒரு துறை கிடைத்த அந்த நாட்களில், அந்த மூளையின் சொல்லைக் கேட்க வேண்டிய தொழுநோய்க் கைகளுக்குக் கிடைத்தது ஓரமாக ஒரு சின்ன இடம்தான்.

முதல் ஆபரேஷன்கள் நடந்தன, கட்டுப் பிரித்தாயிற்று. இனிமேல்தான் வேடிக்கை. மோதிர விரலை மடக்கு என்று மூளை சொன்னால், இப்போது எல்லா விரல்களும் வேறு மாதிரி அசைகின்றன. ஏனென்றால் அந்தத் தசை இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறது. பிறந்ததில் இருந்து பழகிய கட்டளையை மூளை மாற்றி எழுதணும். உங்க போனில் கீபோர்டு எழுத்துகளை யாரோ இடம் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்க. அதிலும் கையில் உணர்ச்சி கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் பழகணும். தினமும் பொறுமையாக, ஒவ்வொரு விரலாக, இயன்முறைப் பயிற்சி. சிறுவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள், வயதானவர்கள் திணறினார்கள். ஆனால் பெரும்பாலான மூளைகள் கற்றுக்கொண்டன.

இமை மூடாத கண்ணுக்குச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தாடையை அசைக்கும் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி, இமையில் இணைத்துவிடுவார்கள். அப்புறம் மென்றால் கண் மூடும். அதனால் நோயாளிகளுக்குச் சூயிங் கம் கொடுத்துப் பழக்கினார்கள். மென்றுகொண்டே இருந்தால் இமைத்துக்கொண்டே இருப்பார்கள். தொழுநோயால் பார்வை போகாமல் தடுக்கும் இந்த வேலையில் மார்கரெட் பெரிய நிபுணர் ஆனார்.

வளர்ந்தவர்களின் மூளை மாறாது என்ற எண்ணம் அன்றைக்கு வலுவாக இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், இல்லாத கையில் வரும் வலியை ஒரு கண்ணாடிப் பெட்டியால் குறைத்துக் காட்டி உலகத்தை ஆச்சரியப்படுத்தியது 1990-களில். வேலூரில் மூளைகள் அதற்கு 40 வருஷம் முன்னாடியே பாடம் மாற்றிக்கொண்டிருந்தன. பார்த்த இடம் தொழுநோய் வார்டு என்பதால், அது மூளை ஆராய்ச்சி என்ற கணக்கில் வரவில்லை.

கை சரியாச்சு, ஊர்?

இனி நேராக ஹேப்பி எண்டிங் என்று பிராண்டும் நினைத்திருப்பார். விரல் நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்தார்கள், சந்தோஷமாக இல்லை. இந்தக் கையோடு பிச்சை கேட்டால் யாரும் போட மாட்டேன் என்கிறார்கள். மடங்கிய கைக்கு இரக்கமாவது கிடைத்தது. நிமிர்ந்த கைக்கு வேலையும் இல்லை, வாடகைக்கு வீடும் இல்லை, ஏனென்றால் இவர் யார் என்று ஊருக்குத் தெரியும்.

வேலூரில் நவஜீவ நிலையம் உருவானது இதற்காகத்தான். குடிசைகள், ஒரு பட்டறை. தச்சுவேலை சொல்லிக்கொடுத்தவர் டாக்டரே. மரப்பொம்மைகள் செய்தார்கள். நோயாளிகள் இன்னொரு விஷயமும் கேட்டார்கள். புருவம். தொழுநோயில் புருவ முடி உதிர்ந்துவிடும், அதைப் பார்த்தே ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் காட்டிக்கொடுத்தால் கல்யாணம் நடக்காது, வேலை கிடைக்காது. தலைமுடியோடு தோலை எடுத்துப் புருவத்தில் வைத்தார் பிராண்ட். தலைமுடி அல்லவா, நிற்காமல் வளரும். சிலர் அதை வெட்டாமல், நீளமாகத் தொங்கவிட்டுப் பெருமையாகச் சுற்றினார்களாம். மருத்துவப் பார்வையில் புருவம் அவசரமே இல்லாத உறுப்பு. ஊரின் பார்வைதான் அதை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்தது.

நவஜீவ நிலையத்தில் ஒன்றாக வாழ்ந்ததில்தான் அடுத்த உண்மை தெரிந்தது. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார், துப்பறிகிற மாதிரி. தான் திருக முடியாத ஒரு துருப்பிடித்த பூட்டை ஒரு சின்னப் பையன் சுலபமாகத் திறப்பதைப் பார்த்தார். பையனின் விரலைப் பார்த்தால் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. சூடான விளக்குக் கண்ணாடியைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் சில காயங்களுக்குக் காரணமே கிடைக்கவில்லை. ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. கடைசியில் ராத்திரி விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது: எலி. தூங்கும்போது எலி வந்து கடிக்கிறது, வலி இல்லாததால் யாரும் எழுந்திருக்கவில்லை.

மருந்து என்ன தெரியுமா? பூனை. நோயாளிகளுக்குப் பூனைக்குட்டிகள் கொடுத்தார்கள்.

சதையில் எந்தக் கெடுதலும் இல்லை, காயம் படாமல் பார்த்துக்கொண்டால் மற்றவர்களைப் போலவே புண் ஆறுகிறது என்று இதில் இருந்து நிரூபணமானது. விரலைத் தின்றது நோய் இல்லை, வலி இல்லாத நிலை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் மெஷின் தேவைப்படவில்லை, அவர்களோடு சேர்ந்து ஒரு ராத்திரி விழித்திருக்க ஆள் தேவைப்பட்டது.

இவ்வளவு தெரிந்தவருக்கும் பயம் விடவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. 1950-களில் ஒரு வெளிநாட்டுப் பயணம் முடித்து, லண்டனில் அறையில் செருப்பைக் கழற்றியபோது ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மனைவி, பிள்ளைகள், இனி எங்கே தனியாக வாழ்வது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தார். இத்தனைக்கும் டாப்சோன் மருந்து வந்துவிட்ட காலம், நோய் குணமாகும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான். காலையில் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது! பயணத்தில் நெடுநேரம் உட்கார்ந்ததில் நரம்பு அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்கு அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அமெரிக்காவில் தோற்ற மெஷின்

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. நடுவில் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யத் தூண்டியவர் பிராண்ட். மேரி வர்கீஸ் பின்னாளில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடி ஆனார்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பணமும் தொழில்நுட்பமும் இருந்தன. வலி இல்லாதவர்களுக்குச் செயற்கை வலி செய்து கொடுக்கலாம் என்று இறங்கினார். கையுறையில் அழுத்தத்தை அளக்கும் சென்சார். அளவு மீறினால் காதில் சத்தம். இன்றைய ஸ்மார்ட் வாட்ச் அலெர்ட் மாதிரிதான். நோயாளிகள் கேட்டார்கள், கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சரி என்று, உணர்ச்சி இருக்கும் இடத்தில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். ஆபத்தான வேலை செய்வதற்கு முன்னாடி ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு, வேலை முடிந்ததும் ஆன் செய்துகொண்டார்கள்!

ஸ்விட்ச் நம் கையில் இருந்தால் அது வலி ஆகாது என்று பிராண்ட் புரிந்துகொண்டார். திட்டத்தைக் கைவிட்டார். வலி விரலில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளையோ தனியாக இல்லை, மனிதர்களுக்கு நடுவே இருக்கிறது என்பது அவர் திரும்பத் திரும்பப் பேசிய விஷயம். இந்தியக் கிராமத்திலும், குண்டு விழுந்த லண்டனிலும், மாத்திரை டப்பா நிறைந்த அமெரிக்காவிலும் வலியை மக்கள் வேறு வேறு மாதிரி தாங்குவதை அவர் பார்த்திருந்தார். வலி கடவுள் கொடுத்த பரிசு என்கிற அளவுக்குப் போனார், 1993-ல் பிலிப் யான்சியோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். இதில் நான் அவர் பக்கம் முழுசாக நிற்க மாட்டேன். வருஷக்கணக்கில் முதுகுவலியோடோ கேன்சர் வலியோடோ இருப்பவரிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அவருடைய மதநம்பிக்கையும், வலியே இல்லாதவர்களோடு கழித்த வாழ்க்கையும் சேர்ந்து அவரை அப்படி யோசிக்க வைத்திருக்கிறது. அவரும் ஒரு கலாசாரத்தின் பிள்ளைதானே.

தோற்ற மெஷினில் இருந்து வந்த அறிவு வேறு இடத்தில் ஜெயித்தது. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போகிறவர்களுக்கும் இதே கதைதான். தெரியாமல் புண் வரும், பெரிதாகும், கடைசியில் காலை எடுப்பார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் மாவுக்கட்டு, மிருதுவான காலணி, தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கம் எல்லாம் தொழுநோய் வார்டில் இருந்து சர்க்கரை நோய் கிளினிக்குக்குப் போனவை. நம் ஊரில் சர்க்கரை உள்ள தாத்தா பாட்டிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர் செருப்பு இருக்கிறதே, அந்த நுண்துளை ரப்பர் செருப்பு வேலூரில் தொழுநோயாளிகளின் பாதத்துக்காக வளர்ந்த ஒன்று. அதே செருப்பை, நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று போட மறுத்தவர்கள் உண்டு. இன்றைக்கு அது மெடிக்கல் ஃபுட்வேர், விலை கேட்டால் தலை சுற்றும்.

திருமணி சானடோரியத்தை 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இப்போது அது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். கூட்டு மருந்து சிகிச்சை 1980-களில் வந்த பிறகு நோய் மாதக்கணக்கில் குணமாகிறது, அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் போய்க் காட்டுங்க. சீக்கிரம் காட்டினால் நரம்பு தப்பிக்கும். சட்டம் மட்டும் மெதுவாக நடந்தது. நோயாளிகளை அடைத்துவைக்க வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் நீங்கியது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை இருந்தது.

பிராண்டின் அம்மா எவலின் கணவர் இறந்த பிறகும் தன் ஊழியத்தை விடவில்லை. 95 வயதில், 1974-ல் இறந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். பால் 1986-ல் ஓய்வுபெற்று சியாட்டிலுக்குக் குடிபோனார். 2003 ஜூலையில், 89-வது பிறந்தநாளுக்குச் சில நாள் இருக்கும்போது, கீழே விழுந்ததில் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து இறந்தார். உணர்ச்சியில்லாத கால்களை அவ்வளவு பார்த்த அந்த மனிதர், சின்ன வயசில் கொல்லிமலையில் பழகியது மாதிரி, வயதான பிறகும் முடிந்தபோதெல்லாம் செருப்பில்லாமல் மண்ணில் நடக்கவே விரும்பினார்.